வலது மேல் மூலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "ப்பூ, இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குவதற்கு அது மேல்.

என் புத்தகம் ஒன்றின் பின்னட்டைக்குப் படம் வேண்டுமென்று பதிப்பாளர் ஒரு புகைப்படக்காரரை அனுப்பினார். வந்தவர் என்னைச் சுவரோரம் நிறுத்தினார், ஜன்னலோரம் நிறுத்தினார், கன்னத்தில் கை வைக்கச் சொன்னார். (மாட்டேன் என்றேன். எழுதுகிறவர்களுக்கெல்லாம் பல்வலியா என்ன?) நடுவில் அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு, அந்தக் கேமராவைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றேன். தாராளமாக என்று கையில் கொடுத்தார். வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் அந்தத் துளையில், கண்ணை வைத்தேன். டொக். என் மூக்குக்கண்ணாடி அதில் இடித்தது. உள்ளே என் மேஜை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது. ஆனால் படத்தின் நான்கு மூலைகளும் இல்லை. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு மூலை வந்தது, உடனே இன்னொன்று போனது. சின்னப் போர்வையைப் பெரிய ஆள் போர்த்திக்கொள்வது போல ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் பற்றவில்லை.

அவரும் கண்ணாடி போட்டவர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாடி போட்டா மூலை தெரியாதுங்க. கண்ணு தள்ளி நிக்குதில்ல? பழகிப் போயிடும்."

அவர் போய்விட்டார். "பழகிப் போயிடும்" மட்டும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒன்று தெரியவில்லை என்பதே தெரியாத அளவுக்கு ஒருவர் பழகிக்கொண்டால், அந்தப் பழக்கத்துக்கு அடியில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? இதுதான் கதை. மீதியெல்லாம் ஆள் பிடிக்கும் வேலை.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

அவர் கேமராவைத் தூக்கியபோது மழை லேசாக —

(விட்டுவிட்டேன். மழை பெய்யாமல் உங்களுக்கு ஒரு கதையும் ஆரம்பிக்காதா என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று.)

பார்ப்பது என்பது உண்மையில் —

(இது கதை இல்லை, சொற்பொழிவு. அதுவும் யாரும் அழைக்காத சொற்பொழிவு.)

முதலில் ஓர் ஆணைத்தான் வைத்துப் பார்த்தேன். நாலு பத்தி போவதற்குள் அவர் அந்தப் புகைப்படக்காரராகவே மாறி, கன்னத்தில் கை வைக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். பெண்ணாக்கினேன். அவள் வந்ததும் வராததுமாகக் கேமராவை எடுத்து இடது கண்ணில் வைத்தாள். பெரும்பாலோர் வலது கண்ணில் வைப்பார்கள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் வைத்தாள். சரி, இவள் தேறுவாள் என்று தோன்றியது.

அக்காவின் மூக்குக்கண்ணாடியில் வலது பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக இருக்கும்.

இந்த வரி நிற்கட்டும். காரணம் இருக்கிறது. கேமராவின் முதுகில், வலது கைக் கட்டைவிரல் படுகிற இடத்தில், ஃபோகஸ் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால்தான் படம் கூர்மையாகும். வலது கண்ணில் கேமரா வைப்பவர்களுக்கு அந்தக் கட்டைவிரல் முகத்துக்கு வெளியே நிற்கும். இடது கண்ணில் வைப்பவளுக்கு அது நேரே வலது கண்ணின் மேல் வந்து நிற்கும். கண்ணாடி இல்லாவிட்டால் கண்ணைக் குத்தும். இருந்தால் கண்ணாடியைத் தேய்க்கும். அக்கா வேலை முடிந்து வந்ததும் தங்கை அந்தக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுப்பாள். "போலீஸ்ல ரேகை கேட்டா இதையே குடுத்துடலாம்க்கா" என்பாள்.

3

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ நடத்துகிறார்கள். கீழே கடை, மேலே வீடு. அக்கா படம் எடுப்பாள். தங்கை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்து அச்சுக்கு அனுப்புவாள். தங்கையின் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அத்தனை கல்யாணத்தையும் கிட்ட நின்னு பாத்தவ நான், போதும்" என்பாள். தங்கையைத் தூக்கி வளர்த்ததும், படிக்கவைத்ததும், கட்டிக்கொடுத்ததும் அவள்தான். அவளுக்குத் தங்கை இன்றைக்கும் "குட்டி". குட்டிக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது.

குரூப் படம் என்றால் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நண்டும் சிண்டுமாக நிற்கிற கூட்டத்தில் ஒரு கண் மூடியிருக்காது, ஒரு முகம் இன்னொரு முகத்தை மறைக்காது. எடுத்து முடித்தபின் எப்போதும், "இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்பாள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு "இன்னொண்ணு" என்றே பெயர். அது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த இன்னொன்றுக்குக் காரணம் மூலைகள்தான். முதலில் கண்ணை நடுவில் வைத்து எடுப்பாள். பிறகு தலையை இம்மி நகர்த்தி, கண்ணாடி மறைத்த ஓரங்களைப் பார்த்துக்கொண்டு மறுபடி எடுப்பாள். சின்ன வயதிலிருந்து இப்படித்தான். தெரியாத மூலையோடு குடித்தனம் நடத்துவது அவளுக்கு ஒரு வேலையாகவே தோன்றியதில்லை.

உங்களிடம் மறைக்கப்போவதில்லை, இது துப்பறியும் கதையும் இல்லை. அக்காவின் இடது கண்ணில் ஒரு நோய்* வந்து உட்கார்ந்திருக்கிறது. வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டே போகும். தின்ற இடம் கறுப்பாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, சுதாரித்துக்கொள்ளலாம். மூளை பக்கத்தில் இருப்பதை இழுத்து அங்கே ஒட்டுப்போட்டுவிடும். தெருவில் நடக்கும்போது, சமைக்கும்போது, பேப்பர் படிக்கும்போதெல்லாம் வலது கண் கைகொடுத்துவிடும். கேமராவுக்குப் பின்னால் மட்டும் இடது கண் தன்னந்தனியாக நிற்கிறது. அங்கே வலது மேல் மூலை போய்விட்டது. அக்காவுக்கு அது ஒரு சேதியாகவே தெரியவில்லை. மூலை தெரியாதது அவளுக்குப் புதிதா என்ன?

* பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பீர்கள், அக்கா இங்கே தனியாக நிற்பாள். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். போன பார்வை திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு மிச்சம்.

4

இனி தங்கை. இவளை எழுதும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

படங்களின் வலது மேல் மூலையில் கண்டதெல்லாம் வர ஆரம்பித்தன. யாரோ ஒருவரின் முழங்கை. ஏணியின் பாதி. கதவிடுக்கில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஓர் ஆள். பழைய அக்காவாக இருந்தால், "ஏங்க, கொஞ்சம் நகருங்க" என்று ஒரு சத்தத்தில் கிளப்பிவிட்டிருப்பாள். தங்கை அதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு, வலது ஓரத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டினாள். இடது ஓரத்தையும் அதே அளவு வெட்டிச் சமமாக்கினாள். கேமராவின் குட்டித் திரையை அக்கா ஒருநாளும் பார்க்க மாட்டாள், வெட்டிய படம்தான் அவள் கண்ணுக்குப் போகும். அக்கா பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குல்ல?" என்பாள். தங்கையும் நல்லா வந்திருக்கு என்பாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது.

சொல்லியிருக்க மாட்டாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலில் எழுதியதில் அவள் சொல்லத்தான் செய்தாள். அக்கா மறுநாளே டாக்டரிடம் போனாள், மூன்றாம் பக்கத்தில் கதை சுபம். அடித்துவிட்டேன். கதை நீளட்டும் என்பதற்காக இல்லை. அது நடக்காது என்று எனக்கே தெரிந்தது. ஒரே ஒரு முறை தங்கை, "கண்ணாடிய மாத்திக்கயேன்க்கா" என்று சொல்லிப் பார்த்தாள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கண்ணாடிக்கு ஒன்றும் கேடில்லை என்றும், யாருக்கு யார் பாடம் எடுப்பது என்றும் கத்திவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் தங்கை வாயைத் திறக்கவில்லை. தனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவளிடம், உனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வயதாகிறது, கண்ணாடியின் பவர் கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் சண்டை, வெட்டினால் வேலை முடிந்தது. அவள் வெட்டியது அன்பினால்தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

(நம் வீடுகளில் யாருடைய பிசகையோ நாமும் இப்படிச் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரும்பாலும் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அதுதான் தொல்லை.)

5

ஒரு வீட்டில் குடும்பப் படம். கடைசி மகன் வேலைக்காக வெளிநாடு போகிறான். வண்டி வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் மூன்று வரிசை. பிள்ளைகள் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தன. அக்கா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள்.

அந்த வீட்டுப் பெரியவர் இன்னும் வெளியே வரவில்லை. நடக்க முடியாதவர். உள்ளே அவருக்குப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் அது மூத்த மருமகளுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. அவள் பின்வரிசையில், அக்காவின் பார்வைக்கு வலது கோடியில் நின்றாள். ஒரு நிமிஷம் என்று கையைத் தூக்கினாள். கேமரா நேராகத் தன்னைத்தான் பார்க்கிறது, அதனால் கத்த வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

அக்கா அடுத்தடுத்து இரண்டு எடுத்தாள். வழக்கம்போல, "இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்று தலையை நகர்த்தி ஓரத்தையும் பார்த்தாள். அங்கே சுவர் தெரிந்தது. எடுத்தாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. வரிசை கலைந்தது. பெட்டிகளைத் தூக்கு, அதை எங்கே வைத்தாய், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒரே அமளி. பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது மகன் ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டான். இறங்கி ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான், நேரமாகிவிட்டது என்று யாரோ இழுத்தார்கள், போய்விட்டான். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூத்த மருமகள் நேரே அவளிடம் வந்தாள்.

"கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன். என்னையே பாத்துக்கிட்டு எடுக்கிறீங்க. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"யாரும் கையத் தூக்கலம்மா. தூக்கியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றாள் அக்கா.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பெரியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புதுச் சட்டையில் மேல் பட்டன் போடாமல் இருந்தது. (இந்தப் பத்தியில் அவரை இன்னும் கொஞ்ச நேரம் உட்காரவைக்க நினைத்தேன். உங்களை அழவைக்கும் வேலையாகத் தோன்றியதால் நிறுத்திக்கொண்டேன்.)

6

வீட்டுக்கு வந்ததும் அக்கா மாடியில் தனக்குத்தானே பொரிந்து தள்ளினாள். பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா, இவள் கையைத் தூக்கினாளாம், நான் பார்த்துக்கொண்டே எடுத்தேனாம், ஊரில் இல்லாத அதிசயம். அடுப்பில் டீ கொதித்தது. கீழே இறங்கி வந்து தங்கையிடமும் அதையே மறுபடி சொன்னாள்.

தங்கை படங்களைத் திறந்து வைத்திருந்தாள். வெட்டும் கோட்டை வழக்கமான இடத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள். கோடு மூத்த மருமகளின் நடு முகத்தில் நின்றது. ஏணியை வெட்டலாம், முழங்கையை வெட்டலாம். வீட்டு மருமகளை எப்படி வெட்டுவது?

"அக்கா, இங்க வா."

அக்கா வந்து பார்த்தாள். வலது கோடியில் அந்தப் பெண்ணின் கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது, ஐந்து விரலும் விரிந்திருந்தன. அடுத்த படத்திலும் கை அங்கேயே இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது. எல்லாவற்றிலும் அவள் கண்கள் நேராக அக்காவைப் பார்த்தன.

"இது எப்ப எடுத்தது?" என்றாள் அக்கா.

"நீ இன்னிக்கி எடுத்ததுதான்க்கா."

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையில் நின்ற வெட்டும் கோட்டைப் பார்த்துவிட்டு, வெட்டாத பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். தங்கை காட்டினாள். ஏணி, முழங்கை, வாழைப்பழம் தின்கிற ஆள். ஒவ்வொன்றாக வந்தன.

"எவ்வளவு நாளா வெட்டுற?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஏன்டி சொல்லல?"

"நீ கஷ்டப்படுவியேன்னுதான்க்கா."

(இங்கே அக்கா தங்கையை ஓர் அறை விடுவதாக எழுதினேன். பிறகு கட்டிக்கொண்டு அழுவதாக எழுதினேன். இரண்டையும் அவள் செய்யவில்லை. திட்டக்கூட இல்லை. தங்கைக்கு அதுதான் பயமாக இருந்தது.)

7

கேமராவின் கண் துளைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. திருகினால் உள்ளே தெரிவது அவரவர் கண்ணுக்குத் தக்கபடி தெளியும். அக்கா அதை ஒருநாளும் தொட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது யார் என்றே அவளுக்குத் தெரியாது. படத்துக்குப் படம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

மறுநாள் காலையில், கடையைத் திறப்பதற்கு முன்னால், அவள் ஸ்டுடியோவின் வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். இடது கண்ணைத் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் பதித்துக்கொண்டு சக்கரத்தைத் திருகினாள். தெளிந்தது. கண்ணாடி நடுவில் இல்லாததால் கண் இப்போது துளையோடு ஒட்டி உட்கார்ந்தது. இடது பக்கத்து மூலைகள் இரண்டும் வந்தன. கீழே ஓடும் எண்கள் முழுசாக வந்தன. இத்தனை வருஷமும் இவ்வளவு பெரிய ஜன்னலை வைத்துக்கொண்டா கையளவு பார்த்தோம் என்று அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமே வந்தது.

வலது மேல் மூலையில் சுவர் இருந்தது. அல்லது இருப்பது போல இருந்தது.

படத்தில் எந்த இடம் கூர்மையாக வேண்டும் என்று காட்ட, துளைக்குள் ஒரு சிவப்புச் சதுரம் எரியும். பின்னாலுள்ள அம்புக்குறிப் பட்டன்களை அமுக்கி அதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். அக்கா பார்வையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டு அதை வலப்பக்கம் நகர்த்தினாள். பிறகு மேலே. பிறகு இன்னும் வலது. சதுரம் காணாமல் போனது. மறுபடி அமுக்கினாள், ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் அமுக்கினாள், எங்கிருந்தோ திரும்பி வந்தது.

பட்டன் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைக்கத்தானே தோன்றும்? சதுரத்தை மறுபடி அந்த மூலைக்கே அனுப்பிவிட்டு, கேமராவை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கண்ணில் வைத்தாள். இப்போது கேமராவின் வலது மேல் மூலை, பார்க்கிறவளுக்கு இடது கீழ் மூலை. அங்கே சதுரம் பளிச்சென்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அது எங்கும் போகவில்லை. நேராகத் திருப்பினாள். காணவில்லை. நேராக வைத்தபடியே வலது கண்ணுக்கு மாற்றினாள். அதே மூலையில் இருந்தது.

(இந்த இடத்துக்கு ஓர் உவமை தேடினேன். கிடைத்தது. போடவில்லை.)

கோளாறு கேமராவில் இருந்திருந்தால் கேமராவோடு சேர்ந்து தலைகீழாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அக்கா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"குட்டி, இன்னிக்கி கடை தெறக்க வேணாம். எங்கூட வா."

8

கண் ஆஸ்பத்திரியில் ஓரப்பார்வையை அளக்கும் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே பொட்டு வெளிச்சம் வரும். வரும்போது கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணுக்கு, பிறகு மாற்றி.

பட்டன் அமுக்குவது அக்காவின் பிழைப்பு. சிரிப்பு முகத்துக்கு வந்தபின் அமுக்கினால் தாமதம். வரப்போகிறது என்று தெரிந்ததும் அமுக்க வேண்டும். அவள் விரல் இங்கேயும் அதையே செய்தது. மெஷின் போட்ட மெல்லிய சத்தத்தின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வந்திருக்கும் என்ற கணக்கில் அமுக்கிக்கொண்டே போனது. பரிசோதனை செய்த பெண் நிறுத்திவிட்டாள். "தெரிஞ்சா மட்டும் அமுக்குங்கம்மா. நீங்க தெரியறதுக்கு முன்னாடியே அமுக்குறீங்க" என்றாள். அக்காவுக்குக் காப்பியடித்துப் பிடிபட்டது போல இருந்தது. இரண்டாம் முறை விரலைக் கட்டிப்போட்டாள். சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. மறுபடி சத்தம், மறுபடி ஒன்றுமில்லை. காத்திருக்கக் காத்திருக்க அவளுக்கு விவரம் புரிந்துகொண்டே வந்தது.

டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் அவளைக் காப்பாற்ற ஒரு முயற்சி செய்தேன். "ஒண்ணுமில்லம்மா, கண்ணாடிய மாத்தினா சரியாயிடும்" என்று டாக்டர் சொல்வதாக எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். அக்கா எழுந்து நன்றி சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நீயும் வெட்டுகிறாயா என்று கேட்பது போல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

டாக்டர் சொன்னது இதுதான். அந்த நேரத்தில் தங்கை அறையில் இல்லை. டாக்டர் முதலிலேயே எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை வாங்க வெளியே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணில் இப்போதுதான் துளி ஆரம்பம். மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கலாம். படம் எடுக்கலாம், வலது கண்ணில் பழகிக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்துகொள்ளும்போது ஒன்று கேட்டாள்.

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் அவள் சீட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"போன வருஷமே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காதும்மா. பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கலாம்."

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன, ஒன்றும் தேறவில்லை.

அக்கா கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். (இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. வலது கண்ணில் பழகிக்கொள்வாள். பழகுவதில் அவள் கெட்டி.)

அக்கா அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய் மூத்த மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். (கேட்பாள். நாளைக்கே போவாள். ஆனால் அது முடிவு இல்லை, மறுநாள் வேலை.)

அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரி வாசலில் கைகோத்துக்கொண்டு —

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே இப்போது ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறார்கள். பரிசோதனைக்கு விட்ட மருந்தால் அக்காவுக்கு வெயில் கூசுகிறது, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருக்கிறாள். தங்கை அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறாள். மறுகையில் மருந்துப் பை. எத்தனை வேளை, எந்தக் கண்ணுக்கு எது என்றெல்லாம் கடைக்காரரிடம் கேட்டு வந்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், வலது கண்ணில் படம் எடுக்கலாம். கடைசியாகக் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

தங்கை அவள் முழங்கையைப் பிடித்தபடியே ஒரு படி இறங்கினாள். பிறகு நின்றுவிட்டாள்.

"முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு கேட்டியாக்கா?"

காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒரு பொய் சொன்னால் தங்கை இன்றிரவு தூங்குவாள். ஆனால் நாளைக்கு அக்காவின் கண்ணில் இன்னொன்று தவறினால், அவள் கை பேசாமல் வெட்டும் கோட்டைத்தான் தேடும், இதுவரை அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை அல்லவா? ஆமாம், காப்பாற்றியிருக்கலாம் என்று உண்மையைச் சொன்னால் அவள் இனி ஒருபோதும் வெட்ட மாட்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வருஷத்தைத்தான் பார்ப்பாள், சாகிறவரைக்கும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். பொய்யைப் படித்தபோது அக்காவுக்காக அழுகை வந்தது. உண்மையைப் படித்தபோது தங்கைக்காக வந்தது.

நான் சொல்லி எடுபடாது. அன்பினால்தான் வெட்டினாள் என்று எழுதி அவள் கையில் அந்த வேலையைக் கொடுத்தவனே நான்தான், என் பேச்சை அவள் ஏன் நம்ப வேண்டும்? அக்காவோ வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

டாக்டர் அறைக்குள் அவர் சொன்னதை அக்காவோடு சேர்ந்து கேட்டவர் நீங்கள்தான். தங்கை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.